சூரியனின் கோடுகளைப் படித்த சிசிலியா

கேஸ் அடுப்பில் சுண்டல் வெந்துகொண்டிருக்கிறது. உப்பும் போட்டாயிற்று. கொஞ்சம் அசந்த நேரத்தில் தண்ணீர் பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி பர்னரில் வழிகிறது. அதுவரை நீலமாக எரிந்த ஜுவாலை சட்டென்று மஞ்சளாகிறது. சில விநாடிகளில் மறுபடியும் நீலம்.

அடுப்பைத் துடைக்க வேண்டுமே என்ற கவலையில் அந்த மஞ்சளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியனில் என்னென்ன இருக்கிறது என்று மனிதன் தெரிந்துகொண்டது, இந்த மஞ்சளின் நூலைப் பிடித்துக்கொண்டுதான். அங்கே எது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னவர் 25 வயதுப் பெண். சொன்ன கையோடு, ‘இது உண்மையாக இருக்காது’ என்று தன் ஆய்வேட்டில் தானே எழுதவும் வேண்டி வந்தது அவருக்கு.

முதலில் அடுப்புக்கு வருவோம்.

உப்பில் சோடியம் இருக்கிறது. சூடுபட்ட சோடியத்தின் அடையாளம் அந்த மஞ்சள். எல்.இ.டி. வருவதற்கு முன்பு தெருக்களில் மஞ்சளாக எரிந்த விளக்குகளுக்குள்ளும் இருந்தது சோடியம்தான். தீபாவளிக்குக் கொளுத்தும் மத்தாப்பில் சிவப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. சிவகாசிக்காரர்களுக்கு இது தினசரிக் கணக்கு.

ஏன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்? அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானை மாடிப்படியில் நிற்கும் குழந்தையாக நினைத்துக்கொள்ளலாம். முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரையாவது படி என்று ஒன்று கிடையாது. சூடு பட்டால் எலெக்ட்ரான் மேல்படிக்குத் தாவும். கீழே இறங்கும்போது, இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஒளியாக வெளியே விடும். படியின் உயரம் எவ்வளவோ, அதற்கேற்ற நிறம். சோடியத்தின் மாடிப்படி வேறு, செம்பின் மாடிப்படி வேறு. அதனால்தான் நிறமும் வேறு வேறு.

இதே விஷயம் தலைகீழாகவும் நடக்கும். எல்லா நிறமும் கலந்த வெள்ளை ஒளி சோடியம் ஆவிக்குள் புகுந்து வந்தால், மேலே ஏறுவதற்குத் தேவையான அந்த ஒரு மஞ்சளை மட்டும் எலெக்ட்ரான் விழுங்கிவிடும். வெளியே வரும் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்தால், வானவில் நிறங்களுக்கு நடுவே அந்த மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும்.

சூரிய ஒளியில் இப்படி 500-க்கும் மேற்பட்ட கறுப்புக் கோடுகளை 1814-ல் எண்ணி வரைந்து வைத்தவர் ஜெர்மனியின் ஜோசப் ஃபிரான்ஹோஃபர். கண்ணாடித் தொழிலாளியாக வாழ்க்கையை ஆரம்பித்தவர். கோடுகள் ஏன் இருக்கின்றன என்பது அவருக்குப் புரியவில்லை. 1835-ல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட், நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதனால் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். ஓர் ஆள் அங்கே போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வர முடியாதே!

அவர் 1857-ல் இறந்தார். இரண்டே வருடங்கள் கழித்து, ஹைடல்பர்க் நகரில் கிர்ச்சாஃப், பன்சன் என்ற இருவர் (பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பன்சன் பர்னர்காரர்தான்) புதிரை அவிழ்த்தார்கள். சூரியனின் மஞ்சள் பகுதியில் இருக்கும் கறுப்புக் கோடு, உப்பு கொடுக்கும் மஞ்சளின் அதே இடத்தில் இருந்தது. ஆக, சூரியனில் சோடியம் இருக்கிறது. அள்ளிக்கொண்டு வரத் தேவையில்லை. ஒளியே கொண்டுவந்து விடுகிறது.

அதற்கப்புறம் வேட்டைதான். இரும்பு, கால்சியம், மெக்னீசியம் என்று ஒவ்வொன்றாக அகப்பட்டன. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தன்று, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரான்ஸின் ழான்சென் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அந்தக் கிரகணத்தில் ஒரு மஞ்சள் கோடு கண்ணில் பட்டது. சோடியத்தின் மஞ்சளுக்குப் பக்கத்து வீடு, ஆனால் அதே வீடு அல்ல. பூமியில் அதுவரை யாரும் பார்த்திராத பொருள். இங்கிலாந்தின் லாக்யர் அதைத் தனியாக ஆராய்ந்தார். சூரியனுக்கான கிரேக்கப் பெயரிலிருந்து அதற்கு ‘ஹீலியம்’ என்று பெயர் வந்தது. 1895-ல்தான் அது பூமியிலும் கிடைத்தது. இன்று திருவிழாவில் பலூனுக்குள் அடைத்து விற்கிறார்கள்.

என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு இருக்கிறது? இங்கேதான் எல்லாரும் சறுக்கினார்கள்.

சூரியனின் நிறமாலையில் மிகக் கனமாகத் தெரியும் இரண்டு கோடுகள் கால்சியத்துடையவை. எண்ணிக்கையில் இரும்பின் கோடுகள் ஏராளம். பூமியிலும் இரும்பும் கால்சியமும் நிறைய இருக்கின்றன. ஆகவே சூரியன் என்பது பூமி மாதிரியே ஒன்று, சூடு மட்டும் அதிகம். பூமியைப் பிடித்து அந்த அளவுக்குக் காய்ச்சினால் அதன் நிறமாலையும் இப்படித்தான் இருக்கும் என்றார் அமெரிக்க இயற்பியலாளர் ரோலண்ட். இதைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நியாயமாகத்தானே படுகிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை யோசித்துப் பாருங்கள். வெளியே தெருவில் நிற்கும் ஒருவருக்கு உள்ளேயிருந்து கேட்பதெல்லாம் நாதஸ்வரமும் தவிலும்தான். சத்தத்தை வைத்து ஆட்களைக் கணக்கிட்டால், மண்டபம் முழுக்க மேளக்காரர்கள் என்றுதான் அவர் நினைப்பார். உண்மையில் அவர்கள் நாலைந்து பேர். மற்ற ஆயிரம் பேரும் பந்தியில் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சூரியனில் மேளக்காரர் கால்சியம். பந்தியில் இருப்பது யார் என்பதுதான் கேள்வி.

அதற்கு வழி திறந்தவர் கல்கத்தாவில் இருந்தார். மேக்நாத் சாஹா, 1893-ல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சின்ன மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1920-ல், 26 வயதில், அவர் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். சூடு அதிகமானால் எலெக்ட்ரான் மேல்படிக்கு ஏறுவதோடு நிற்காது. மாடிப்படியை விட்டே குதித்து ஓடிவிடும். எலெக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அயனியின் கோடுகள் வேறு இடத்தில் விழும். குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட அழுத்தத்தில், நூற்றுக்கு எத்தனை அணுக்கள் இப்படி எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்று சொல்வதுதான் சாஹா சமன்பாடு.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த விஷயத்தின் பொருள் பெரியது. ஒரு பொருளின் கோடு கனமாகத் தெரிகிறதா, மெலிசாகத் தெரிகிறதா என்பதை அதன் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. சூடும் முடிவு செய்கிறது. எவ்வளவு சூடு என்று தெரிந்தால், எத்தனை பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கணக்குப் போட்டுவிடலாம்.

நட்சத்திரத்தின் சூட்டைத் தெரிந்துகொள்வது எப்படி? நிறமே ஓரளவு சொல்லும். சித்திரை மாதத்தின் முதல் பாதியில், இரவு ஏழரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் இறங்கிக்கொண்டிருக்கும். அது திருவாதிரை. கிழக்கே நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். அது சித்திரை. பஞ்சாங்கத்தில் தினமும் பெயரைப் பார்க்கிறவர்கள்கூட ஆளை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 டிகிரி. சித்திரை 20,000-க்கும் மேலே. குழாயடியில் சிவப்பு என்றால் வெந்நீர், நீலம் என்றால் தண்ணீர். வானத்தில் கணக்கு நேர் எதிர். சிவப்புதான் ஆறிய பக்கம்.

இப்போது கதாநாயகி.

சிசிலியா பெய்ன் 1900-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். 1919-ல் ஒரு நாள், கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி சூரியனருகே வளைவதை அளந்துவிட்டுத் திரும்பிய எடிங்டன் அங்கே பேசினார். வரவேண்டிய தோழி ஒருத்தி வர முடியாமல் போக, அந்த டிக்கெட் சிசிலியாவுக்குக் கிடைத்தது. கூட்டம் முடிந்து அறைக்கு வந்தவர், கேட்ட சொற்பொழிவை ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்தார். மூன்று இரவுகள் தூக்கமில்லை. தாவரவியல் போய் இயற்பியல் வந்தது.

அங்கே ரூதர்ஃபோர்டின் வகுப்பு. அணுவுக்குள் கரு இருப்பதைச் சொன்ன அதே ரூதர்ஃபோர்டு. வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். பெண்கள் முன்வரிசையில் தனியாக உட்கார வேண்டும் என்பது விதி. ரூதர்ஃபோர்டு அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டே ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்கிற தோரணையில் ஆரம்பிப்பாராம். பையன்கள் காலால் தரையைத் தட்டிக் கூச்சலிடுவார்களாம். படிப்பை முடித்தும் பட்டம் கிடையாது. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948-ல்.

இங்கேயே இருந்தால் பள்ளிக்கூட ஆசிரியை வேலையோடு நின்றுவிடும் என்பது தெரிந்துபோயிற்று. 1923-ல் கப்பலேறினார். போன இடத்தின் பெயரும் கேம்பிரிட்ஜ்தான். அமெரிக்காவில், ஹார்வர்டு வானாய்வகம் இருக்கும் ஊர்.

அங்கே வேறு மாதிரி ஒரு செல்வம் குவிந்திருந்தது. இரவு வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள், லட்சக்கணக்கில். அவற்றைப் பார்த்து வகைப்படுத்தியவர்கள் பெண்கள். மணிக்கு 25 சென்ட்டில் சம்பளம் ஆரம்பித்தது. பதவியின் பெயர் ‘கம்ப்யூட்டர்’, அதாவது கணக்குப் போடுகிறவர். அவர்களில் ஆனி ஜம்ப் கேனனுக்குக் காது கேட்காது. நிமிடத்துக்கு மூன்று நட்சத்திரம் வரை வகை சொல்லும் அளவுக்குக் கண் கூர்மை. வாழ்நாளில் சுமார் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை அவர் வகைப்படுத்தினார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று பாடப்புத்தகங்களில் வரும் வரிசை அவர் ஒழுங்குபடுத்தியது. சித்திரை ‘பி’, திருவோணம் ‘ஏ’, நம் சூரியன் ‘ஜி’, ரோகிணி ‘கே’, திருவாதிரை ‘எம்’.

நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கோடுகள் ஏன் இப்படி மாறுகின்றன? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளால் ஆனதா? தகடுகளைச் சேர்த்தவர்களுக்கு அதை விசாரிக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. சிசிலியா இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும் முன்பே, மில்ன் என்ற இளம் விஞ்ஞானி அவரிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: ஹார்வர்டு தகடுகளில் சாஹாவின் சமன்பாட்டைச் சோதித்துப் பாரேன்.

சோதித்தார். இரவும் பகலும், சிகரெட் புகைக்கு நடுவே, இரண்டு வருடம். ஒவ்வொரு கோட்டின் கனத்தையும் மதிப்பிட்டு, ஒவ்வொரு சூட்டிலும் எத்தனை அணுக்கள் அந்தக் கோட்டைப் போடும் நிலையில் இருக்கும் என்று கணக்கிட்டு, பின்னோக்கிப் போய் மொத்த அணுக்கள் எத்தனை என்று எடுத்தார். 18 தனிமங்கள்.

முதல் முடிவு: நட்சத்திரங்களின் கோடுகள் மாறுவதற்கு முக்கியக் காரணம் சூடுதான். பொருள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே. நீலச் சித்திரையும் சிவந்த திருவாதிரையும் ஒரே மாவில் சுட்ட பலகாரங்கள். ஒன்றுக்குத் தீ அதிகம், ஒன்றுக்குக் குறைவு.

இரண்டாவது முடிவைப் பார்த்து அவரே திகைத்திருக்க வேண்டும். இரும்பு, சிலிக்கான் போன்றவை ஒன்றுக்கொன்று பூமியில் இருக்கும் அதே விகிதத்தில் வந்தன. ஹீலியம் எக்கச்சக்கமாக வந்தது. ஹைட்ரஜனோ, உலோகங்களைப்போல ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு!

பந்தியில் உட்கார்ந்திருந்த கூட்டம் அதுதான். ஹைட்ரஜன் ஏன் சத்தம் போடவில்லை? அதன் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் எல்லாம் இரண்டாம் படியிலிருந்து மேலே ஏறும்போது மட்டுமே உண்டாகும். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும்போது விழுங்கும் ஒளி புற ஊதா. அது கண்ணுக்குத் தெரியாது. அந்த முதல் படி பெரிய உயரம். சூரியனின் மேற்பரப்பில் இருக்கும் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் சூடு, அதை ஏறப் போதாது. கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் இரண்டாம் படியில் நிற்கிறது. மீதி அத்தனையும் கீழே கைகட்டி நிற்கின்றன.

ஆனால், சூரிய நிறமாலையின் சிவப்புப் பகுதியில் ஹைட்ரஜன் கோடு ஒன்று பளிச்சென்று தெரிகிறதே! 20 கோடியில் ஒன்று வாய் திறந்ததற்கே இவ்வளவு கனமான கோடு என்றால், மொத்தக் கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கால்சியத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. சூரியனின் சூட்டில் பெரும்பாலான கால்சியம் அணுக்கள் ஓர் எலெக்ட்ரானை இழந்து, அந்த இரண்டு கனமான கோடுகளைப் போடத் தயாராக முதல் படியிலேயே நிற்கின்றன. இன்றைய கணக்குப்படி, சூரியனில் 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு வெறும் இரண்டு கால்சியம் அணுக்கள். நாலைந்து மேளக்காரர் என்பதுகூட அதிகம்.

இவ்வளவு சுத்தமான தர்க்கம். இருந்தும் அது நிற்கவில்லை.

1924 முடியும் தருவாயில், வானாய்வகத்தின் தலைவர் ஷாப்லி இந்தக் கையெழுத்துப் பிரதியைத் தன் குருவான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். பிரின்ஸ்டன் பேராசிரியர், அமெரிக்க வானியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம். பூமியின் மேலோடும் சூரியனும் ஒரே கலவை என்று ஏற்கெனவே 1914-ல் எழுதியிருந்தவர். 1925 ஜனவரியில் பதில் வந்தது. வேலையின் மற்ற பகுதிகளைப் பாராட்டியிருந்தார். ஹைட்ரஜன் அவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் நடக்கவே முடியாத காரியம் என்று எழுதியிருந்தார்.

சிசிலியாவின் நிலையைப் பாருங்கள். வேற்று நாடு. ஆய்வு நிதியில்தான் சாப்பாடு. ரஸ்ஸல் ஒரு வார்த்தை சொன்னால் வேலை உண்டு, ஒரு வார்த்தை சொன்னால் இல்லை. அவர் எண்களை மாற்றவில்லை. அட்டவணையில் அப்படியே விட்டார். ஆனால் கூடவே, ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் வந்த இந்த அளவுகள் நிச்சயமாக நிஜமாக இருக்க வாய்ப்பில்லை என்கிற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். தன் விடைத்தாளில் சரியான விடைக்குப் பக்கத்தில் தானே தப்புக் குறி போட்டதுபோல.

ரஸ்ஸலை வில்லனாக்கிவிடுவது சுலபம். அது முழு நியாயமல்ல. அதுவரை சேர்ந்திருந்த சாட்சியமெல்லாம் அவர் பக்கம் இருப்பதாகவே தெரிந்தது, சாஹா சமன்பாட்டுக்கு வயது ஐந்துகூட ஆகவில்லை. எடிங்டனிடம் சிசிலியா இதைச் சொன்னபோது அவரும் நம்பவில்லை. நட்சத்திரத்தின் மேற்பரப்பில் வேண்டுமானால் அவ்வளவு ஹைட்ரஜன் இருக்கலாம், உள்ளே இருக்காது என்றாராம்.

நான்கு வருடங்கள் போயின. 1929-ல் ரஸ்ஸல் வேறு வழியில் சூரியனின் கலவையைக் கணக்கிட்டார். ஹைட்ரஜன்தான் வந்தது! பெரிய கட்டுரை வெளியிட்டார். பெய்னின் முந்தைய ஆய்வோடு தன் முடிவுகள் ஒத்துப்போகின்றன என்பதை அதில் சொல்லவும் சொன்னார். தான் தடுத்த கதையைச் சொல்லவில்லை. அதன்பின் வெகுகாலம், சூரியனில் ஹைட்ரஜனைக் கண்டவர் ரஸ்ஸல் என்றே பேசப்பட்டது.

இதனால் என்ன பெரிதாக மாறிவிட்டது என்று ஒரு மாணவர் கேட்கலாம். சூரியன் எதை எரித்து இத்தனை கோடி வருடங்களாக ஒளிர்கிறது என்ற கேள்விக்கு, அது வெறும் சூடான இரும்புக் குண்டாக இருந்தால் பதிலே கிடையாது. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது கிடைக்கும் ஆற்றல்தான் அது என்று எடிங்டன் 1920-லேயே ஊகித்திருந்தார். அங்கே தேவையான ஹைட்ரஜன் இருக்கிறதா என்பதுதான் தொக்கி நின்றது. இருக்கிறது என்று ஆன பிறகு, 1939-ல் ஹான்ஸ் பெத்தே அந்த அணுக்கரு வினைகளைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்று தெரிந்த கணக்கு: சூரியன் விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கும் அதிகமானது பொருளாக இல்லாமல் ஆற்றலாகிப் போகிறது. மொட்டை மாடியில் வடகம் காய்வது அந்தக் கணக்கில்தான். சூரியனில் ஆயிரம் அணுக்களை எடுத்தால் 920 ஹைட்ரஜன், 78 ஹீலியம். இரும்பு, கால்சியம், சோடியம் எல்லாம் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டில் அடக்கம்.

சிசிலியா ஹார்வர்டிலேயே தங்கினார். 1934-ல் ரஷ்யாவிலிருந்து வந்த வானியலாளர் செர்கெய் கபோஷ்கினை மணந்தார். மூன்று குழந்தைகள். பாடம் நடத்தினார், ஆனால் பல வருடங்கள் அவர் நடத்திய பாடங்கள் பல்கலைக்கழகப் பட்டியலில் அச்சாகவில்லை. சம்பளம் தளவாடச் செலவுக் கணக்கில் போனது. 1956-ல், 56 வயதில் முழுப் பேராசிரியர் ஆனார். ஹார்வர்டில் ஒரு துறைக்குத் தலைவரான முதல் பெண்ணும் அவரே. அந்த ஆய்வேடு வானியலில் எழுதப்பட்டவற்றிலேயே மிகச் சிறந்தது என்று பின்னாளில் ஓட்டோ ஸ்ட்ரூவ் போன்ற பெரியவர்கள் சொன்னார்கள்.

ரஸ்ஸலை அவர் குறை சொல்லவில்லை. தான் கண்டது சரி என்று தெரிந்தும் பெரியவர் சொல்லுக்குப் பணிந்தது தன் தவறுதான் என்று தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதினார். அது முழுக்க அவர் தவறு என்று ஒப்புக்கொள்வது கஷ்டம். 25 வயதில், வேற்று நாட்டில், வேலை நிச்சயமில்லாத ஒருத்தியிடம் அதற்குமேல் எதை எதிர்பார்ப்பது? அட்டவணையில் எண்களை மாற்றாமல் விட்டாரே, அதுவே பெரிது.

1976-ல் அமெரிக்க வானியல் சங்கம், வாழ்நாள் பணிக்காக வழங்கும் தன் மிக உயர்ந்த கௌரவத்தை சிசிலியாவுக்குக் கொடுத்தது. அதன் பெயர், ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் விருது.